வீட்டுக்கு ஒரு தலை

ஏரம்பண்ணை யாரையும் நம்பமாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆறாம் வாய்க்கால் காலனியில் அவரை எல்லோரும் மதித்ததே அதற்காகத்தான். விதைநெல் வாங்கினால் மூட்டையின் அடிவரை கையை விட்டுப் பார்ப்பார். கடையில் மண்ணெண்ணெய் அளந்தால் குனிந்து போத்தலின் கழுத்தோடு கண்ணை வைப்பார். குளத்தில் தண்ணீர் இவ்வளவு நிற்கிறது என்று தண்ணீர்ப் பங்கைப் பார்க்கும் வட்ட விதானையார் வந்து சொன்னால், சைக்கிளை எடுத்துக்கொண்டு இரணைமடுக் குளத்துக்கே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் சிறுபோகத்துக்கு விதைப்பார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில், எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வித்தியாதரிசி வருகிறார் என்ற செய்தி பரவியதும், யாரோ மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டான் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஆள் சொல்லாமல் அரசாங்கக் கந்தோர் அசையாது என்பது அவர் முடிவு. காலனியில் எழுத்துக் கை ஓடுகிறவன் நான் ஒருவன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன், மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன், அவருக்கு அடுத்த காணிக்காரன். போதாக்குறைக்கு எனக்குப் பெண்பிள்ளையும் இல்லை. ஆகவே அந்தக் கிழமை முழுக்க அவர் என் வேலியைப் பார்த்துத்தான் துப்பினார். நானும் சும்மா இருக்கவில்லை. போட்டவர் இவராகத்தான் இருக்கும், அதனால்தான் இவ்வளவு சத்தம் என்று என் மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

அந்தக் கிழமை ஆறாம் வாய்க்காலில் ஒருவரும் ஒருவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அரிவு வெட்டுக் காலம். விடியப் பனிக்குள் வயலில் இறங்கினால் இருட்டும்வரை குனிந்த தலை நிமிராது. பேசாமல் வெட்டினோம். நாகேஸ்வரி அக்கா, அதுதான் ஏரம்பண்ணையின் மனைவி, வழக்கமாக யப்பான் மீன் குழம்பு வைத்தால் ஒரு சிரட்டை எங்கள் வீட்டுக்கும் வரும். அந்தக் கிழமை வாசம் மட்டும் வந்தது.

எல்லோருக்கும் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் மேற்பிரிவில், ஆறாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.சி. வரை, நாற்பத்தாறு பிள்ளைகளின் பெயர் வரவு இடாப்பில் இருந்தது. மேற்பிரிவு நடக்கவேண்டுமானால் நாளொன்றுக்குச் சராசரி நாற்பது பிள்ளைகளாவது வரவேண்டும். குறைந்தால் பிரிவை மூடி, பிள்ளைகளை ஒன்பது மைலுக்கு அப்பாலுள்ள கலவன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்பிள்ளைகளும் படிக்கிற அந்த இடத்துக்குத் தங்கள் பிள்ளையை அனுப்பக்கூடிய தகப்பன் ஆறாம் வாய்க்காலில் இல்லை. ஏரம்பண்ணையின் மூத்தவள் அருந்ததி எஸ்.எஸ்.சி. வகுப்பில் இருந்தாள். மார்கழியில் சோதனை. பாஸ் பண்ணினால் வாய்க்காலிலேயே முதல் ஆள். அவள் ரீச்சராக வேண்டும் என்பது ஏரம்பண்ணையின் ஆசை. அதற்கு அவர் சொன்ன காரணம், பிறகு தன் கடிதங்களை வாசிக்க இளையதம்பியிடம், அதாவது என்னிடம், வரத் தேவையில்லை என்பது. நான் வாசிக்கும்போது எதையோ விட்டுவிட்டு வாசிக்கிறேன் என்று அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

ஆக, பிரிவு மூடினால் அருந்ததியின் படிப்பு அன்றோடு சரி. பிரிவு மூடுவதற்கான காரணமும் அவர் வீட்டிலேயே இருந்தது. அவர் வீட்டில் மட்டுமல்ல, பதினான்கு வீடுகளில்.

குளத்துத் தண்ணீர் வயலுக்கு வரும் வாய்க்காலை வருஷத்தில் இரண்டு தரம் துப்புரவாக்க வேண்டும். காணிக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்கவேண்டும் என்பது சட்டம். வட்ட விதானையார் கொப்பியை விரித்துக் காணி இலக்கத்தைக் கூப்பிடுவார். முப்பத்தேழு என்றால் முப்பத்தேழாம் காணியிலிருந்து யாராவது ஓம் என்றால் போதும். காணிக்காரன் வந்தானா, மகன் வந்தானா, மச்சான் வந்தானா என்று அவர் தலையை நிமிர்த்திப் பார்க்கமாட்டார். வீட்டுக்கு ஒரு தலை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட இடாப்பையும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள். அரிவு வெட்டுக்கு மூத்தவள் வேண்டும், அவளுக்குத்தான் கை வேகம். பள்ளிக்கூடத்துக்கும் தலை வேண்டும், இல்லாவிட்டால் சராசரி விழும். எனவே மூத்தவளை வயலில் நிறுத்திவிட்டு, சாமத்தியப்பட்ட பிறகு, வீட்டில் ஒருத்தி படித்தால் போதும் என்று படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்திருந்த இளையவளை அனுப்பினார்கள். அவள் அக்காவின் இடத்தில் இருந்து, அக்காவின் பெயரைக் கூப்பிடும்போது வந்திருக்கிறேன் என்பாள். முதல் வருஷம் இதில் களவு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது பழகிப் போயிருந்தது.

ஏரம்பண்ணையின் இளையவள் கமலாசனிக்குப் பதினான்கு வயது. ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். இரண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை ஒன்றுதான். அருந்ததி வயலுக்குப் போகும் நாளில் அது கமலாசனிக்கு. மாலையில் அவள் வந்து, அன்று நடந்த பாடத்தை அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குசினியில் நாகேஸ்வரி அக்கா அடுப்பூத, அருந்ததி நெல் கீறிய கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கிறவள் படிக்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். சொல்லுகிறவளைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை.

வித்தியாதரிசி புதன்கிழமை வந்தார். பெயர் தில்லைநாதன். ஒட்டி உலர்ந்த மனிதர், கிளிநொச்சியில் தங்கி வாடகைச் சைக்கிளில் வந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரே போகாமல், காலை ஏழு மணிக்கே வாய்க்கால் கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வயல்களைப் பார்த்தபடி வந்தார். அன்று வானம் மூடிக் கிடந்தது. மாசி மழை விழுந்தால் வெட்டிப் போட்ட கதிர் முளைத்துவிடும் என்ற பதற்றத்தில் கையிருந்த எல்லோரும் வயலில் நின்றோம்.

ஏரம்பண்ணையின் வரம்பில் நின்று அவர் தண்ணீர் கேட்டார். செம்பை நீட்டியது அருந்ததி. பாவாடைக்கு மேல் தகப்பனின் பழைய சேட்டைப் போட்டு, தலையில் துணி கட்டியிருந்தாள். என்ன பெயர், எத்தனையாம் வகுப்பு என்று அவர் கேட்டதும், அவள் வாயைத் திறக்கமுன் ஏரம்பண்ணை கையிலிருந்த கதிர் உப்பட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

“இவள் கமலாசனி, ஐயா. ஏழோடை நிப்பாட்டியாச்சு. மூத்தவள்தான் படிக்கிறவள். அவள் பள்ளிக்கூடத்திலை.”

நல்லது என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் அடுத்த வயலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். உள்ளபடி சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஏரம்பண்ணை மறுபடி குனிந்தார். நான்கு பிடி வெட்டியிருக்கமாட்டார். நிமிர்ந்தார். அந்த மனிதன் எதற்கு நல்லது என்றான் என்று என்னைக் கேட்டார், ஒரு கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு. எனக்குத் தெரியாது என்றேன். அவருக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. இவன் நேரே போய் எஸ்.எஸ்.சி. வகுப்பில் அருந்ததி யார் என்று எழுப்பிக் கணக்குக் கேட்பான், ஏழாம் வகுப்போடு நின்றவள் முழிப்பாள், எல்லாம் வெளிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்.

“பிள்ளை, வரம்பாலை ஓடு. அவர் ரோட்டாலை சுத்தித்தான் போவார். அவருக்கு முந்திப் போய் உன்ரை இடத்திலை இரு.”

“சட்டை அவளிட்டையல்லோ அப்பா?”

“சட்டையைப் பிறகு பாப்பம். ஓடு.”

அவள் அரிவாளை வரம்பில் குத்திவிட்டு ஓடினாள். நாகேஸ்வரி அக்கா இது பிழையாய்ப் போகும் என்றார். அவர் கேட்கவில்லை. எல்லோரையும் சந்தேகிக்கிற மனிதர் தன்னுடைய யோசனையை மட்டும் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

மற்றதை அருந்ததி பிறகு சொல்லித்தான் அறிந்தோம். வாய்க்கால் மதகடியில் தண்ணீர் கூடுதலாக ஓடியதால், அவள் சுற்றிப் போகவேண்டி வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது பெரிய ரீச்சர் இராசமலர் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வித்தியாதரிசி பக்கத்துக் கதிரையில் இருந்தார். “அருந்ததி ஏரம்பு” என்று ரீச்சர் கூப்பிட, வெள்ளைச் சட்டையோடு கமலாசனி எழும்பி, வந்திருக்கிறன் ரீச்சர் என்றாள். வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அருந்ததியும் பழக்கத்தில் அதையே சொன்னாள். தலைத் துணியில் சப்பி நெல் ஒட்டியிருந்தது.

ஒரு பெயருக்கு இரண்டு பேர். தில்லைநாதன் வாசலைப் பார்த்தார். காலையில் தண்ணீர் தந்த பிள்ளை.

உம்மடை பெயர் கமலாசனி அல்லவோ என்று அவர் அருந்ததியைக் கேட்டார். பேசினால் தகப்பன் பொய்யன், பேசாவிட்டால் தான் பொய். அப்போது வகுப்பு வாங்கிலிருந்து சின்னவள் சொன்னாள்.

“கமலாசனி நான். அக்காவுக்கு இண்டைக்கு வெட்டு.”

அவர் கோபப்படவில்லை என்று அருந்ததி சொன்னாள். இன்னொருவர் பெயரில் இருப்பவர்கள் எல்லோரும் எழும்புங்கோ என்று மட்டும் சொன்னாராம். ஒருவரும் அசையவில்லை. இராசமலர் ரீச்சர் பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, எழும்புங்கோ பிள்ளையள் என்றார். பதின்மூன்று பிள்ளைகள் எழும்பினார்கள். கமலாசனியோடு பதினான்கு. தெரிந்துதான் செய்தீர்களா என்று அவர் கேட்க, ரீச்சர் தெரியும் என்றார். நிறுத்திய பிள்ளைகள் இந்த வழியாலாவது உள்ளே வருகுதுகள், திருப்பி அனுப்ப மனம் வரவில்லை என்றார்.

“உங்களிட்டை விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், ரீச்சர்.”

“வரட்டும் ஐயா.”

மத்தியானம் அந்தப் பதினான்கு வீட்டுத் தகப்பன்மாருக்கும் ஆள் போனது. அரிவாளை இடுப்பில் செருகியபடி வந்தார்கள். வானம் இன்னும் மூடிக் கிடந்தது, ஒவ்வொருவரும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்கள். எழுத்து வேலை இருக்கும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனதும் ஏரம்பண்ணை பக்கத்தில் நின்றவரிடம் பார்த்தியா என்றார்.

தில்லைநாதன் இடாப்பை விரித்து வைத்துச் சொன்னார். பொய்யாகப் போட்ட நாட்களை அவர் வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் வெட்டுக் காலத்தில் வருகிறவர்கள் முப்பத்திரண்டு பேர்தான், பிரிவை மூடச்சொல்லி எழுதவேண்டி வரும். வழி ஒன்று இருக்கிறது. பதிலுக்கு வருகிற பதினான்கு பிள்ளைகளையும் அவர்களுடைய பெயரிலேயே சேர்க்கவேண்டும். அதற்குத் தகப்பன் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும், இன்றைக்கே.

“அப்ப இடாப்பிலை அறுபது பேர். வெட்டுக்கு வீட்டுக்கு ஒருத்தியை மறியுங்கோ, வேண்டாமெண்டு சொல்லயில்லை. வரயில்லை எண்டு எழுதட்டும். பதினாலு பேர் வராட்டிலும் நாப்பத்தாறு பேர் இருப்பினம். அதே நாப்பத்தாறுதான். ஆனால் உண்மை.”

நல்ல கணக்கு. எனக்கு உடனே விளங்கியது. ஆனால் பதினான்கு பேரில் ஒருவரும் மேசைக்குக் கிட்டப் போகவில்லை. அதையும் நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி இல்லாமல் வந்தவர்கள் நாங்கள். இங்கே இருக்கிற காணியும் அரசாங்கம் நினைத்தால் பறிக்கக்கூடிய பெர்மிற் காணி. முந்தின வருஷம் ஒருவர் வாசிக்காமல் ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டு, மேட்டுக்காணியில் ஒரு துண்டு றோட்டுக்குப் போனது. கந்தோர்க்காரன் தானாக வந்து நன்மை செய்கிறான் என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? எல்லோரும் ஏரம்பண்ணையைப் பார்த்தார்கள். பார்க்கத் தெரிந்தவர் அவர்தான்.

“ஏரம்பண்ணை போட்டால் நாங்களும் போடுறம்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

ஏரம்பண்ணை அவசரப்படவில்லை.

“முதலிலை ஒண்டு சொல்லுங்கோ ஐயா. பெட்டிசம் போட்டது ஆர்?”

சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தில்லைநாதன் பையிலிருந்து பள்ளிக்கூடம் மாதாமாதம் அனுப்பும் வரவு அறிக்கைகளை எடுத்துப் பரப்பினார்.

“ஒருத்தரும் போடயில்லை. உங்கடை பெட்டிசம் இதுதான். ஒக்ரோபர் நாப்பத்தொண்டு. நொவெம்பர் நாப்பத்திரண்டு. போன பெப்ரவரி நாப்பத்தாறு. அதுக்கு முந்தின வருஷப் பெப்ரவரியும் நாப்பத்தாறு. கண்டாவளையிலை, உருத்திரபுரத்திலை, எல்லா இடமும் வெட்டு வந்தால் பிள்ளையள் குறையும். இஞ்சை மட்டும் வெட்டு வந்தால் ஒருத்தருக்கும் காய்ச்சலும் வாறேல்லை, தலையிடியும் வாறேல்லை.”

“இலக்கம் வாய் திறந்து சொல்லுமோ, ஐயா?”

“எனக்குச் சொன்னது.”

ஏரம்பண்ணை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் நான் நம்பினேன். ஒரு கிழமையாக ஒருவரையொருவர் கடித்துத் தின்னாத குறை. துப்பிய எச்சிலெல்லாம் வீண். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் படிவத்தை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். கையெழுத்துப் போடுவாரே தவிர, அச்சு எழுத்து அவருக்கு ஓடாது. நான் கையை நீட்டினேன். தரவில்லை. பெரிய ரீச்சர் வாசிக்கவா என்றார். அதுவும் வேண்டாம் என்றார். ரீச்சருக்குப் பள்ளிக்கூடம் நிற்கவேண்டும், அவர் பக்கம் சாய்ந்துதான் வாசிப்பார். அருந்ததி முன்னுக்கு வந்தாள். அவளையும் கையால் மறித்தார்.

“உனக்கு வகுப்பு வேணும். நீ இருக்கிறதை வாசிக்கமாட்டாய். சின்னவள், நீ வா. எழுத்துக்கூட்டி வாசி. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவைக்குப் பொய் சேர்க்க ஏலாது.”

கமலாசனி வந்து படிவத்தை வாங்கினாள். வெள்ளைச் சட்டை அவளுக்குத் தோளில் பெரிது. ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு வாசித்தாள்.

“கீழே கையொப்பமிடும் நான், மேற்குறித்த மாணவியின் தந்தை அல்லது பாதுகாவலர் என்ற வகையில், அவரை இப்பாடசாலையில் அனுமதிக்குமாறும், பாடசாலை நாட்களில் ஒழுங்காகச் சமுகமளிக்கச் செய்வேன் என்றும்...”

எழுத்துக்கூட்டவில்லை. ஓரிடத்திலும் தடக்கவில்லை. கமாவில் நின்று, முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டு, கடைசி வரி வரை ஒரே சீராக வாசித்தாள். காணியைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை அப்பா என்று முடிவில் தானாகவே சொன்னாள். நான் எட்டாம் வகுப்புப் படித்தவன். அப்படி வாசிக்க என்னால் முடியாது.

ஏரம்பண்ணை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் இரண்டு வருஷமாகச் சாணி அள்ளி, சட்டி கழுவி, அக்காவின் இடத்தைக் காத்த பிள்ளை.

“எங்கை படிச்சனி?”

“அக்கான்ரை இடத்திலை இருந்துதான். அக்காவுக்குப் பின்னேரம் சொல்லிக் குடுக்க வேணுமெல்லோ. விளங்காமல் என்னெண்டு சொல்லுறது?”

அவர் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வைதான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். பேனையை வாங்கி, மேசையில் குனிந்து, ஏரம்பு என்று நான்கு எழுத்தையும் ஆழமாக எழுதினார். அதன்பிறகு வரிசை வந்தது. அவருடையதோடு சேர்த்துக் கைநாட்டு ஆறு, கையெழுத்து எட்டு. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மழை தூறவில்லை. இன்னும் இரண்டு மணித்தியால வெளிச்சம் இருந்தது. எல்லோரும் வயலுக்கு ஓடினோம். அன்று மாலை வேலிக்கு மேலால் மீன் குழம்பு வந்தது, ஏரம்பண்ணையே கொண்டுவந்தார். பெட்டிசத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்தநாள் காலை, வயலுக்குப் போகிற வழியில், பள்ளிக்கூடப் பக்கம் கொஞ்சம் வா என்று என்னைக் கூப்பிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“பேரைக் கூப்பிடுகினமோ எண்டு கேக்கவேணும். கையெழுத்தை வாங்கிப்போட்டு வேறை ஏதும் செய்தால்?”

அந்த மனிதரைத் திருத்த முடியாது. போனேன். அரைச் சுவருக்கு வெளியே, வேப்பமரத்தோடு ஒட்டி நின்றோம். உள்ளே வெள்ளைச் சட்டையோடு கமலாசனி, தான் விட்ட ஏழாம் வகுப்பு வாங்கில் இருந்தாள். அன்று அருந்ததிக்கு வெட்டு. ரீச்சர் “அருந்ததி ஏரம்பு” என்று கூப்பிட்டார். கமலாசனி பாதி எழும்பிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ரீச்சர் தலையை நிமிர்த்தாமல், வரயில்லை என்று சொல்லியபடி எழுதினார். அந்த இடாப்பில் மாசி மாதத்தில் எழுதப்பட்ட முதல் ‘வரவில்லை’ அதுதான் என்று நினைக்கிறேன்.

பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில், புதிதாக எழுதிய பகுதியில்,

“கமலாசனி ஏரம்பு.”

இரண்டு வருஷமாக அந்த மண்டபத்தில் அவள் கேட்டிராத பெயர் அது. யாருடைய பெயரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் இன்னொரு தரம் கூப்பிட்டார். ஏரம்பண்ணையால் பொறுக்க முடியவில்லை. அரைச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வாய்க்கால் கட்டில் விதானையாருக்குச் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னார்.

“வந்திருக்கிறா.”

பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ரீச்சர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி அவரைப் பார்த்தார்.

“ஏரம்பர், அதைப் பிள்ளைதான் சொல்லவேணும்.”

அவர் கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். ரீச்சர் எழுதாமல் காத்திருந்தார். கமலாசனி எழும்பினாள், தோளில் சரிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வந்திருக்கிறன், ரீச்சர்” என்றாள்.

ரீச்சர் எழுதினார். எழுதும்வரை பார்த்துவிட்டுத்தான் ஏரம்பண்ணை வயலுக்கு வந்தார்.